தீர்ப்பு வந்துவிட்டது, செய்தி வந்து சேர்ந்ததா?

ஒரு வீட்டுக்குள் திருடியதாக ஒருவர் 2022 மார்ச் மாதம் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 380ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெற்றவரில்லை, வேறு வழக்கும் நிலுவையில் இல்லை. ஜாமீன்தாரராக நிற்க ஆளில்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவு, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவருக்கு விடுதலைக்கான வழியைத் திறக்கிறது. பாதி என்றால் 42 மாதம். அதாவது 2025 செப்டம்பர். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவோ, இதுவரை தண்டனை பெறாதவர் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலே போதும் என்கிறது. 28 மாதம். அதாவது 2024 ஜூலை. இரண்டு தேதிகளுக்கும் நடுவே 14 மாதம் இருக்கிறது.

ஆனால் அவர் கைதானது பழைய சட்டம் இருந்த காலத்தில். புதிய சட்டத்தின் பலன் அவருக்குக் கிடைக்குமா என்று சில வாரங்கள் குழப்பம் இருந்தது. 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: ஜூலை 1க்கு முன் பதிவான வழக்குகளிலும் 479ஆம் பிரிவு பொருந்தும், சிறைக் கண்காணிப்பாளர்கள் தகுதியுள்ளவர்களைக் கண்டறிந்து நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றது.

அந்த உத்தரவு எந்த வழக்கில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஜாமீன் வழக்கு அல்ல. நாட்டின் 1,382 சிறைகளில் நிலவும் மனிதத்தன்மையற்ற சூழல் குறித்து, முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி 2013இல் எழுதிய கடிதத்தின் பேரில் எடுத்துக்கொள்ளப்பட்ட பொதுநல வழக்கு அது. பதினோரு ஆண்டாக நடந்துகொண்டிருந்த வழக்கில் ஒரு நாள் பிறந்த இடைக்கால உத்தரவு. வழக்கின் பெயரை மட்டும் பார்க்கிற யாருக்கும் தன் கட்சிக்காரரின் விடுதலை அதற்குள் இருக்கிறது என்று தோன்றாது. சட்டப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அது வரும்தான். அந்தப் பதிப்பு வரும்வரை சிறையில் இருப்பவர் காத்திருக்க முடியுமா?

சட்ட உதவிப் பணியில் செய்தி தாமதமாக வந்தால் அதன் விலையை வழக்கறிஞர் கொடுப்பதில்லை, கட்சிக்காரர் கொடுக்கிறார். இணையத்தின் பழைய, எளிய, இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு கருவியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம். அந்தக் கருவி செய்தியோடை: ஓர் இணையதளத்தில் புதிதாக வருவதை நம்மிடமே கொண்டுவந்து சேர்ப்பது.

செய்தித்தாளில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் சட்ட உதவி உரிமையாக வளர்ந்த கதையே ஒருவர் செய்தித்தாள் படித்ததிலிருந்து தொடங்குகிறது. 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில், காவல்துறை அதிகாரியாக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி பீகார் சிறைகளைப் பற்றி எழுதினார். தங்கள் குற்றத்துக்குச் சட்டம் விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டி, விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் அவை. டெல்லியில் அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமைகள் என்று நீதிபதி பி.என். பகவதி எழுதியது அந்த வழக்கில்தான். ஆயிரக்கணக்கான விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள்.

அந்தக் காலைப் பொழுதில் அந்த நாளிதழ் ஹிங்கோரானியின் கைக்கு வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு செய்தி சரியான ஆளிடம் போய்ச் சேர்வது தற்செயலாக நடந்த காலம் அது. நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் தற்செயலாகத்தான் நடக்கிறது என்பதுதான் வருத்தம்.

1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், தேசிய அளவிலிருந்து வட்ட அளவு வரை ஒரு பெரிய அமைப்பையே கட்டியிருக்கிறது. அதன் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழ் உள்ளவர்கள் என எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. காவலில் இருந்தாலே போதும், வருமானம் பார்க்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரம் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்ததாகவும், அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்றும் சொல்கிறது. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். இவர்களில் யார் எந்தப் புதிய உத்தரவின் கீழ் வருகிறார் என்று பார்க்கும் பொறுப்பு கடைசியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர், அதன் பட்டியலில் உள்ள குழு வழக்கறிஞர்கள், சட்டத் தன்னார்வலர்கள் ஆகியோரின் தோளில் வந்து விழுகிறது.

பணம் கொடுத்து வக்கீல் வைத்திருப்பவர் தினம் போன் செய்து நச்சரிப்பார். 'பேப்பரில் ஏதோ போட்டிருக்கிறதே, நம்ம கேஸுக்கு உதவுமா?' என்று கேட்பார். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவிக் கட்சிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்காகக் கேட்க வேண்டியவரும் படிக்க வேண்டியவரும் ஒரே ஆள்தான்.

இப்போது செய்தி எப்படி வருகிறது? பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில். அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை; பல மாவட்டங்களில் அவசரச் செய்தியைச் சுமப்பது அதுதான். ஆனால் அதன் குறைகள் சட்டப் பணிக்கு ஆபத்தானவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிடிஎஃப், தேதி வெட்டப்பட்ட படம், மூன்று ஆண்டுக்கு முந்தைய சுற்றறிக்கை புதியது போல் மறுபடி கிளம்பி வருவது, முக்கியமான உத்தரவு நாற்பது காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்து போவது. விசாரணை நாளில் நீதிமன்றத்தில் நின்றவர் அன்றைய செய்தியைத் தவறவிட்டால், அதை மறுநாள் தேடிப் போக வழியில்லை. முகநூல் போன்ற தளங்களில் நிலைமை இன்னும் மோசம். நாம் யாரைப் பின்தொடர்கிறோம் என்பது நம் கையில், எதைக் காட்டுவது என்பது அவர்கள் கையில். பரபரப்பான தீர்ப்பு பத்து முறை வரும். விதவை ஓய்வூதிய விதியில் வந்த ஒரு திருத்தம் ஒரு முறைகூட வராது.

ஒரு வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு முறை நின்று படித்தேன். அதில் இருந்த வருமான வரம்பு எப்போதோ மாற்றப்பட்டுவிட்ட பழைய தொகை. அந்தத் தாளைப் படித்துவிட்டு, தனக்குத் தகுதியில்லை என்று எத்தனை பேர் படியிறங்கிப் போயிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். வரம்பு மாறிய செய்தி அவர்களைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான்.

ஓடையும் திரட்டியும்

ஆங்கிலத்தில் இதற்கு ஆர்எஸ்எஸ் என்று பெயர். நம் நாட்டில் அந்த மூன்றெழுத்து வேறொன்றை நினைவூட்டுவதால் பேச்சில் குழப்பம் வருகிறது. தமிழில் செய்தியோடை என்ற சொல் இருக்கிறது, அதுவே போதும். பல ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுவதற்குத் திரட்டி என்று பெயர். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் இந்த ஓடைகளைக் கொண்டுதான் உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழ் எழுத்தை ஒரே பக்கத்தில் திரட்டியது. ஆகவே இது தமிழர்களுக்கு அந்நியமான தொழில்நுட்பம் இல்லை. ஒரு தலைமுறை இதில் புழங்கியே வளர்ந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? ஓர் இணையதளம் தன் வழக்கமான பக்கங்களோடு, கணினி படிப்பதற்கென்றே ஒரு சிறு கோப்பையும் வைத்திருக்கும். புதிதாக ஒன்றை வெளியிடும்போதெல்லாம் அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு பதிவு சேரும். ஒவ்வொரு பதிவிலும் பெரும்பாலும் ஐந்து விவரங்கள்: தலைப்பு, முழு ஆவணத்துக்கான இணைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், வெளியான நாளும் நேரமும், இந்தப் பதிவை வேறெதோடும் குழப்பிக்கொள்ளாமலிருக்க ஓர் அடையாளக் குறி. உங்கள் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் திரட்டி, நீங்கள் கொடுத்த முகவரிகளுக்கு அவ்வப்போது தானாகப் போய் அந்தக் கோப்பைப் பார்க்கும். அடையாளக் குறி புதிதாக இருந்தால் கொண்டுவரும், பழையதாக இருந்தால் விட்டுவிடும். ஒரு வாரம் நீங்கள் திறக்காவிட்டாலும் அந்த வாரத்துப் பதிவுகள் வரிசை மாறாமல் காத்திருக்கும்.

தேதி மறைக்கப்படுவதில்லை. மூலத்துக்கான இணைப்பு கூடவே வருகிறது. எது முக்கியம் என்று நமக்காக வேறு யாரும் தீர்மானிப்பதில்லை. நம் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ தகவல் தரும் தளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. காசும் இல்லை. சட்டம் படிப்பவருக்கு வேண்டிய ஒழுக்கம் எல்லாம் ஒரு கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது என்று சொல்வேன்.

இதன் முதல் வடிவத்தை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். அடுத்த ஆண்டு வந்த ஒரு வடிவத்தை எழுதிய குழுவில் 14 வயதுச் சிறுவன் ஆரன் ஸ்வார்ட்ஸ் இருந்தான். அந்தச் சிறுவனின் பெயர் நம் பேச்சுக்கு இன்னொரு வகையிலும் உரியது. அமெரிக்க கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க வேண்டுமானால் அப்போது பக்கத்துக்கு 8 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. 2008இல் சில நூலகங்களில் மட்டும் சோதனையாக இலவச அனுமதி இருந்தது. ஸ்வார்ட்ஸ் ஒரு நிரல் எழுதி, சுமார் 27 லட்சம் ஆவணங்களை இறக்கி, எல்லோரும் படிக்கும்படி ஆக்கினார். காவல் விசாரணை வந்தது, வழக்கில்லாமல் முடிந்தது. வேறொரு வழக்கின் அழுத்தத்தில் இருந்தபோது, 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் தங்கள் புதிய பதிவுகளைச் செய்தியோடையாகத் தருகின்றன. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக நீதிமன்ற ஆவணங்களைச் சேகரிக்கும் தன்னார்வ அமைப்புகள் அந்த ஓடைகளைப் பிடித்தே வேலை செய்கின்றன. ஓடையின் வடிவை எழுதிய கையும் நீதிமன்றக் கதவைத் தள்ளித் திறந்த கையும் ஒன்றாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

2013 ஜூலை 1 அன்று கூகுள் தன் திரட்டியை மூடியது. பலரும் ஓடையே வற்றிவிட்டதாக நினைத்து நகர்ந்துவிட்டார்கள். மூடப்பட்டது ஒரு கடை மட்டும்தான். ஃபீட்லி, இனோரீடர் போன்ற சேவைகள் இன்றும் இருக்கின்றன. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்குள்ளேயே திரட்டி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஃபீடர் போன்ற கட்டற்ற செயலிகள் உண்டு. ஒன்றில் சேர்த்த முகவரிப் பட்டியலை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். சட்ட உதவிக்கு இது பெரிய வசதி: ஒரு மாவட்டத்தில் ஒருவர் பொறுமையாகத் தொகுத்த பட்டியலை அடுத்த மாவட்டத்துக்காரர் ஒரே நிமிடத்தில் தன் கைபேசியில் ஏற்றிக்கொள்ள முடியும்.

எதைப் பின்தொடர்வது

தீர்ப்புகளுக்கு முதல் துணை இந்தியன் கானூன். அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சுஷாந்த் சின்ஹா 2008இல் தொடங்கிய இந்தத் தேடுதளத்தை இன்று பயன்படுத்தாத வழக்கறிஞரைப் பார்ப்பது அரிது. ஆனால் அது நீதிமன்றம் வாரியாகச் செய்தியோடைகளையும் தருகிறது என்பது அதை நாள்தோறும் திறப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றத்துக்கு ஒன்று, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு வந்து குவியும் எண்ணிக்கை திகைக்கவைக்கும். அதனால் திரட்டியின் வடிகட்டும் வசதியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். சட்டப்பிரிவு எண், 'விசாரணைக் கைதி', 'ஜீவனாம்சம்', 'பட்டா ரத்து' என்று அந்தந்த அலுவலகத்துக்கு வரும் வழக்குகளின் சொற்களை ஆங்கிலத்தில் கொடுத்து வைத்தால் தேவையானது மேலே வரும். உத்தரவுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் வடிகட்டும் சொற்களும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் கொடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று ஏமாந்தவர்கள் உண்டு.

சட்ட உதவி என்றால் குற்ற வழக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. நம் ஊர்களில் மக்கள் சட்டத் தன்னார்வலரிடம் கொண்டுவரும் துயரங்களில் கடன் தொல்லைக்கு முக்கிய இடம் உண்டு. வாரத் தவணை கட்ட முடியாத பெண்ணின் வீட்டு வாசலில் இரவு எட்டு மணிக்கு வசூல்காரர் வந்து உட்காருவதை நம் கிராமங்கள் அறியும். 2022 மார்ச் மாதம் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கான ஒழுங்குமுறை ஆணை ஒன்றை வெளியிட்டது. ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் எல்லாம் நுண்கடன். மாதத் தவணைகள் மொத்தமும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது. ரிசர்வ் வங்கி தன் அறிவிப்புகளைச் செய்தியோடையாகவே தருகிறது. அதைச் சேர்த்துவைத்திருந்த ஒரு தன்னார்வலர், அந்த ஆணை வெளியான அன்றே அதன் வாசகத்தைக் கையில் வைத்திருக்க முடியும். வசூல்காரரிடம் 'எந்த விதியில் இருக்கிறது?' என்று எதிர்க்கேள்வி வந்தால் தேதியோடு காட்ட முடியும். 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தனிச் சட்டம் நிறைவேற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் தரும் ஆலோசனைக்கும், எதையோ கேள்விப்பட்டவர் தரும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெண் அன்று இரவே உணர்வார்.

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் ஓடை தருகிறது. அதில் வருவதெல்லாம் அரசின் பெருமைகள்தானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. திட்டம் ஒன்றின் தேதியும் தொகையும் பல நேரம் அங்கேதான் முதலில் வெளியாகும். அபராதமோ ஜாமீன் தொகையோ கட்ட முடியாமல் சிறையில் இருக்கும் ஏழைகளுக்கு உதவ மத்திய அரசு 2023இல் ஒரு திட்டத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்று அப்போது சொல்லப்பட்டது. தெரிந்தவர் விண்ணப்பிப்பார். தெரியாதவர் ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாமீன்தாரரைத் தேடி உறவினர்களின் வீடுகளுக்கு நடந்துகொண்டிருப்பார்.

ஓடை தராத இடங்களே அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசிதழ்கள் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடக்கின்றன. மின்னணு நீதிமன்றத் தளத்தில் ஒவ்வொரு முறையும் படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் வழக்கு விவரம் தெரியும். எந்தத் திரட்டியும் அங்கே நுழைய முடியாது. இதற்குச் சில சுற்றுவழிகள் இருக்கின்றன. கூகுளின் விழிப்பூட்டல் வசதியில் ஒரு தேடுசொல்லைக் கொடுத்து, முடிவை மின்னஞ்சலாக இல்லாமல் ஓடையாகக் கேட்கலாம். மின்னஞ்சல் மடல்களை ஓடையாக மாற்றித் தரும் இலவசச் சேவைகள் உண்டு. ஒவ்வொரு யூடியூப் அலைவரிசைக்கும் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது என்பதால், நீதிமன்ற நேரலைகளையும் சட்டப் பயிற்சி உரைகளையும் அந்தத் தளத்தின் பரிந்துரைகளில் சிக்காமல் பின்தொடரலாம். பிபிசி தமிழ், தி இந்து போன்ற செய்தி நிறுவனங்களின் ஓடைகள் ஊர்ச் செய்திக்கும் நாட்டுச் செய்திக்கும் உதவும்.

ஏழு நாள், ஒரு மாதம்

2021 ஜூலையில் ஆக்ரா சிறையில் இருந்த 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. குற்றம் நடந்தபோது சிறார்களாக இருந்தவர்கள் அவர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டார்கள். உத்தரவு வந்து நாட்கள் கடந்தும் சிறைக்கதவு திறக்கவில்லை, சான்றளிக்கப்பட்ட நகல் தபாலில் வர வேண்டுமாம். செய்தித்தாளில் இதைப் பார்த்த உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இந்த டிஜிட்டல் காலத்திலும் உத்தரவைக் கொண்டுவர வானத்தில் புறாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா வேதனைப்பட்டார். அதன் விளைவாக 2022 மார்ச் 31 அன்று, உத்தரவுகளை மின்னணு முறையில் சிறைகளுக்கு நேரடியாக அனுப்பும் ஃபாஸ்டர் அமைப்பு தொடங்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2023 ஜனவரி 31 அன்று, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சில ஆணைகளைப் பிறப்பித்தது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளுக்குள் கைதி விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் தர முடியாமல் போனால், நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டுமா என்று நீதிமன்றமே தானாக எடுத்துப் பார்க்கலாம்.

இந்த ஆணையின் ஒவ்வொரு படியும் ஒரு நாள்கணக்கு. அந்தக் கணக்கு இருப்பதே தெரியாத குழு வழக்கறிஞர், ஜாமீன் கிடைத்தவுடன் வழக்குக் கட்டை மூடிவைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். தெரிந்தவர் எட்டாம் நாள் காலை செயலாளர் அலுவலகத்தில் நிற்பார். முப்பத்தோராம் நாள் மனுவோடு நீதிமன்றத்தில் நிற்பார். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆகவே ஓடையைச் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. யாராவது ஒருவர் தினம் காலையில் இருபது நிமிடம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். எல்லோரும் பார்க்கலாம் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், இது எந்த அலுவலகத்திலும் நடப்பது. மாவட்டத்துக்கு ஒருவர் முறைவைத்துப் பார்த்து, தேவையானதை மூல உத்தரவு வரை போய்ப் படித்து, நான்கைந்து வரியில் தமிழில் குறிப்பெழுத வேண்டும். உத்தரவின் தேதி, வழக்கு எண், யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, இன்று நாம் செய்ய வேண்டியது என்ன. அந்தக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகட்டும், அதோடு ஒரு பதிவேட்டிலும் ஏறட்டும். 479ஆம் பிரிவைப் பற்றிய குறிப்பாக இருந்தால், கொலை போன்ற ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் இது பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் பொருந்தாது என்ற வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். பாதித் தகவலை நம்பி ஒரு தாய் சிறை வாசலில் வந்து நிற்க நாம் காரணமாகக் கூடாது.

தமிழில் எழுத வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டத் தன்னார்வலர்களில் அங்கன்வாடிப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாணவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஊருக்குள் போகிறவர்கள் அவர்கள்தான். ஓர் ஆங்கிலத் தீர்ப்பின் இணைப்பை அவர்களுக்கு அனுப்பினால் நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்ளலாம், ஊருக்குச் செய்தி போய்ச் சேராது.

சில எச்சரிக்கைகள். ஓடையில் வரும் செய்தித் தலைப்பு தீர்ப்பு ஆகாது. விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதைக்கூட 'நீதிமன்றம் உத்தரவு' என்று தலைப்பிடும் வழக்கம் இருக்கிறது. கையெழுத்தான உத்தரவில் அந்த வரியே இருக்காது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த வாரமே உச்ச நீதிமன்றத்தில் தடை வந்திருக்கலாம். இதைவிட முக்கியமானது கட்சிக்காரரின் அந்தரங்கம். விழிப்பூட்டலிலோ வடிகட்டியிலோ கட்சிக்காரரின் பெயரைத் தேடுசொல்லாகக் கொடுக்கக் கூடாது. அந்தச் சொல் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் பதிந்துகிடக்கும். போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் எங்கும் வெளிப்படக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிரிவு எண்ணைத் தேடுங்கள், வழக்கின் வகையைத் தேடுங்கள், ஆளைத் தேடாதீர்கள்.

பிரிட்டனில் அரசின் சட்டத் தளம் புதிதாக வரும் ஒவ்வொரு சட்டத்தையும் விதியையும் ஓடையாக வெளியிடுகிறது. 2022இல் அந்நாட்டின் தேசிய ஆவணக்காப்பகம் தொடங்கிய தீர்ப்புத் தளத்துக்கும் ஓடை உண்டு. இதற்குப் பெரிய செலவில்லை. ஆவணத்தைத் தளத்தில் ஏற்றும் அதே மென்பொருள் அந்தச் சிறு கோப்பையும் எழுதிவிடும். தமிழ்நாடு அரசிதழுக்கு ஓர் ஓடை வேண்டும், துறைவாரியாகப் பிரித்து. அரசாணைகளுக்கு ஒன்று. மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளுக்கு ஒன்று, தமிழ்த் தலைப்போடு. ஒவ்வொரு பதிவிலும் தேதி, எண், எந்த முந்தைய சுற்றறிக்கையை இது மாற்றுகிறது என்ற ஒரு வரி இருந்தால் போதும். வருமான வரம்பு மாறும் நாளில் வட்டக் குழு அலுவலகத்துக் கைபேசி அதைக் கொண்டுவந்து காட்டும். சுவரில் இருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டியது மட்டுமே மிச்சம்.